வான் பாயும் முன்: பைல் சேர்வரில் காலி இடத்துக்கு எல்லைக்கோடு போடும் முறை

கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு சிறிய அலுவலகம். பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். மூலை அறையில் ஒரு பழைய பைல் சேர்வர், அதாவது எல்லோருடைய பைல்களையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் கணினி. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருக்கும், கணக்குப் பகுதித் தங்கச்சி எனக்குப் போன் எடுத்தார். "அண்ணை, சம்பளச் சீட்டு சேவ் ஆகுதில்லை. டிஸ்க்கில இடமில்லை எண்டு வருது." நான் அப்போது வவுனியாவிலிருந்து திரும்பும் பஸ்ஸில், மாங்குளத்தைக் கூடத் தாண்டவில்லை.

அன்றிரவு, சேர்வரில் நடப்பதை விண்டோஸ் குறித்து வைக்கும் சிஸ்டம் பதிவேட்டை (ஈவென்ட் லொக்) திறந்தேன். 2013 என்ற நிகழ்வு எண்ணோடு மஞ்சள் முக்கோணங்கள் வரிசையாக நின்றன. அது ஆண்டு அல்ல. "டிஸ்க் நிரம்பப் போகிறது, சில பைல்களை அழிக்க வேண்டி வரலாம்" என்று விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பின் எண். ஐந்து கிழமையாக எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை. அந்தச் சேர்வரைப் பூட்டிக் கொடுத்தவன் நான். எச்சரிக்கை எவர் காதில் விழ வேண்டும் என்று யோசியாமல் விட்டவனும் நான்தான்.

அதற்குப் பிறகு நான் பார்க்கும் சேர்வர்கள் எல்லாவற்றிலும் ஒரே முறையைத்தான் கையாள்கிறேன். அதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். விண்டோஸ் சேர்வரை வைத்துச் சொல்கிறேன். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிப் பக்கமாக ஒரு பகுதி இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு, பிறகுதான் கணினி

இரணைமடுக் குளத்துக்கு முழுக் கொள்ளளவு 36 அடி. 36 அடி வந்த பிறகு கதவைப் பற்றி யோசிக்கலாம் என்று இருந்தால் என்ன நடக்கும்? கனகராயன் ஆற்றில் எவ்வளவு வந்து இறங்குகிறது, மழை இன்னும் எத்தனை நாள், கீழே இருக்கும் சனம் எழும்பிப் போக எத்தனை மணித்தியாலம் வேண்டும் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் வான்கதவு திறக்கும் முடிவு. 2018 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

டிஸ்க்கும் அப்படித்தான். "10 சதவீதம் மிஞ்சினால் எச்சரிக்கை" என்பது எல்லோரும் வைக்கும் எல்லை. விண்டோஸும் அதைத்தான் இயல்பாக வைத்திருக்கிறது. ஆனால் 10 சதவீதம் என்பது எத்தனை நாள்? 500 ஜிபி டிஸ்க்கில் அது 50 ஜிபி. ஒரு ட்ரோன் படப்பிடிப்பு நாளில் பாதி போய்விடும். பெரிய டிஸ்க்கில் அதே 10 சதவீதம் ஒரு வருடம் தாங்கலாம். ஆகவே எல்லைக்கோட்டை நாளில் யோசித்து, ஜிபியில் எழுதி, கருவி கேட்டால் மட்டும் சதவீதமாக மாற்றுங்கள்.

வன்னியில் இந்த நாள் கணக்கு கொழும்பு அலுவலகங்களை விட நீளம். எங்கள் ஊர்க் கடைகளில் உடனே கையில் கிடைப்பது பெரும்பாலும் வீட்டுக் கணினிக்கான சிறிய டிஸ்க்தான். இரவு பகல் ஓடும் சேர்வருக்கு ஏற்ற பெரிய டிஸ்க் என்றால் யாழ்ப்பாணத்தில் தேட வேண்டும், அல்லது கொழும்பில் சொல்லி பஸ் பார்சலில் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் விலைமனு, அனுமதி, காசோலை. கோட்டை எங்கே போடுவது என்பதைத் தீர்மானிப்பது இந்த இழுபறிதான்.

படி 1: நான்கு கிழமை அளவெடுங்கள்

விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் கெட்-வொல்யூம் என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒவ்வொரு டிரைவின் மொத்த அளவையும் மீதி இடத்தையும் அது காட்டும். தினமும் வேலை முடியும் நேரத்தில் அந்த மீதியை ஒரு கொப்பியில் குறியுங்கள். கையால் எழுதினாலும் பரவாயில்லை. நான்கு கிழமை என்பதற்குக் காரணம், மாதக் கடைசி ஒரு தடவையாவது உள்ளே வர வேண்டும்.

4 டிபி என்று பெட்டியில் எழுதிய டிஸ்க்கை விண்டோஸ் 3.63 டிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்கி எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆல் எண்ணுகிறது. உங்கள் கணக்குக்கு விண்டோஸ் காட்டும் எண்ணையே எடுங்கள்: சுமார் 3725 ஜிபி.

அளவெடுக்கும்போதே இரண்டு எண்களைத் தனித்தனியாகப் பிடியுங்கள். ஒன்று, சாதாரணக் கிழமையில் எவ்வளவு கூடுகிறது. மற்றது, ஒரே மூச்சில் வந்து விழும் பெரிய மூட்டை. அந்த அலுவலகம் வயல் விபரங்களும் கள ஆய்வுப் படங்களும் சேர்ப்பது. காலபோக விதைப்பு முடிந்ததும் ஒரு தடவை, அறுவடைக்கு முன் ஒரு தடவை, கமெராக்களும் ட்ரோனும் கொண்டுவந்து கொட்டுவார்கள். இடைப்பட்ட மாதங்களை மட்டும் பார்த்தால் அந்த மூட்டை கண்ணில் படாது. பழைய போல்டர்களின் திகதியைப் பார்த்து அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

படி 2: மூன்று கோடுகள்

அந்த அலுவலகத்தின் புது டிஸ்க்குக்கு எனக்குக் கிடைத்த எண்களையே தருகிறேன். கிழமைக்கு 60 ஜிபி கூடுகிறது. ஒரு மூட்டை 120 ஜிபி.

புது டிஸ்க் கைக்கு வர எவ்வளவு காலம்? பணிப்பாளரிடம் அனுமதி இரண்டு கிழமை, மூன்று விலைமனு எடுக்க இரண்டு, காசோலைக்கு ஒன்று, பொருள் வர ஒன்று, பூட்டிக் கொப்பி பண்ண ஒன்று, கையிருப்பாக ஒன்று. மொத்தம் எட்டு. எட்டு தடவை 60 என்றால் 480. மூட்டை 120 ஐச் சேர்த்தால் 600 ஜிபி. இதுதான் மஞ்சள் கோடு. மஞ்சள் தொட்டால் வேலை ஒன்றே ஒன்று: கொள்வனவுக் கடிதம் எழுதுவது.

3725 இல் 600 என்பது 16 சதவீதத்துக்குச் சற்று மேல். விண்டோஸின் இயல்பான 10 சதவீதத்தை நம்பியிருந்தால் 372 ஜிபியில்தான் மணி அடித்திருக்கும். மூட்டைக்கு 120 ஐக் கழித்தால் மிச்சம் நாலு கிழமைக்குத்தான் காணும். எங்களுக்கு வேண்டியது எட்டு.

அடுத்தது செம்மஞ்சள். இது துப்புரவு செய்ய வேண்டிய காலம். பழையதைப் பிரித்து வெளி டிஸ்க்குக்கு மாற்ற இரண்டு கிழமை வேண்டும் என்றால் 120, அதோடு மூட்டை 120. ஆக 240 ஜிபி.

சிவப்பு 100 ஜிபி. பொங்கலோ சித்திரை வருடப்பிறப்போ நீண்ட விடுமுறையாக வந்து, சேர்வர் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்காத நாலைந்து நாளைத் தாங்கும் அளவு இது. சிவப்பில் பெரிய கொப்பிகளுக்குத் தடை. கேட்டுவிட்டுத்தான் போடலாம்.

உங்கள் எண்கள் வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை மட்டும் இதுவே. சில இடங்களில் கிழமைக்கு 2 ஜிபிதான் கூடும். அங்கே மஞ்சள் கோடு 30 ஜிபியாக இருந்தாலும் போதும், 10 சதவீதம் என்று பிடிவாதம் பிடித்தால் மாதக்கணக்கில் வீண் எச்சரிக்கை வந்து கடைசியில் அதை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

விண்டோஸ் இருக்கும் சி டிரைவுக்குத் தனிக் கணக்கு. அங்கே பைல் வளர்வது ஆட்களால் அல்ல, விண்டோஸ் அப்டேட், பதிவேடுகள், பேஜ் பைல் (நினைவகம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பிடிக்கும் இடம்) ஆகியவற்றால். எல்லோரும் பகிரும் ஷெயார் போல்டர்களை ஒருபோதும் சி டிரைவில் வைக்காதீர்கள். அது நிரம்பினால் பைல் சேவ் ஆகாமல் போவதோடு நிற்காது, சேர்வரே தள்ளாடும்.

படி 3: கண்ணுக்குத் தெரியாமல் இடம் தின்பவை

எல்லாப் போல்டர்களையும் தெரிவுசெய்து அளவு பார்த்தால் 2.9 டிபி. டிரைவோ 3.3 டிபி போய்விட்டது என்கிறது. மிச்சம் எங்கே?

முதல் சந்தேகம் ஷேடோ கொப்பி, அதாவது பைல்களின் பழைய நிலையை விண்டோஸ் எடுத்து வைக்கும் பிரதி. ஆட்கள் தவறி அழித்த பைலைப் பழைய நிலைக்கு மீட்க இது உதவும், ஆகவே நல்லது. ஆனால் இயல்பாக டிரைவின் 10 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். எங்கள் டிஸ்க்கில் அது 370 ஜிபிக்கு மேல். டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் ஷேடோ கொப்பீஸ் பகுதிக்குப் போனால் இப்போது எவ்வளவு பிடித்திருக்கிறது, உச்சவரம்பு எவ்வளவு என்று தெரியும். உச்சவரம்பைக் குறைக்கலாம், ஆனால் குறைத்த கணமே பழைய பிரதிகள் போய்விடும், திரும்ப வராது. நான் அதை 150 ஜிபியாக நிறுத்தி, அந்த 150 ஐயும் "ஏற்கெனவே போனது" என்று கணக்கில் எழுதிவிடுகிறேன்.

இரண்டாவது, ரீசைக்கிள் பின். வலையமைப்பு வழியாக ஷெயாரில் அழிக்கும் பைல் சேர்வரின் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேரே போய்விடும். சேர்வரின் முன்னால் இருந்து அழித்தவைதான் அங்கே குந்திக்கொண்டிருக்கும். ஒருமுறை நான் "துப்புரவு செய்த" 80 ஜிபி ஆறு மாதமாக அதற்குள் இருந்தது.

மூன்றாவது, காப்புப் பிரதி. சில இடங்களில் டி டிரைவின் காப்பை டி டிரைவிலேயே ஒரு போல்டரில் எடுத்து வைத்திருப்பார்கள். அதைப் பற்றி இங்கே கதைக்கவில்லை, கோபம் வரும்.

படி 4: எச்சரிக்கையைப் பூட்டுதல்

மூன்று வழிகள் உண்டு. நான் மூன்றையும் வைக்கிறேன், ஆனால் நம்புவது மூன்றாவதை.

முதல் வழி ரெஜிஸ்ட்ரி, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம். லோக்கல் மெஷின் கிளையில் சிஸ்டம், கரண்ட்கண்ட்ரோல்செட், சேர்விசஸ், லான்மேன்சேர்வர், பாராமீட்டர்ஸ் என்று இறங்குங்கள். அங்கே டிஸ்க்ஸ்பேஸ்த்ரெஷோல்ட் என்ற பெயரில், இடைவெளி விடாமல், ஒரு டிவேர்ட் (எண் வகை) மதிப்பை உருவாக்குங்கள். அதில் போடுவது சதவீதம், முழு எண்ணாக. எங்கள் 600 ஜிபிக்கு 17. இந்த இடத்தில் பலர் வழுக்குவார்கள்: எண் போடும் பெட்டி இயல்பாக ஹெக்ஸாடெசிமலில், அதாவது பதினாறால் எண்ணும் முறையில், நிற்கும். அப்படியே 17 என்று அடித்தால் உள்ளே போவது 23. டெசிமலுக்கு மாற்றிவிட்டு அடியுங்கள். பிறகு "சேர்வர்" என்ற பெயருள்ள சேர்விஸை மீளத் தொடக்க வேண்டும். அதைச் செய்தால் எல்லோருடைய இணைப்பும் அறுந்துவிடும், ஆகவே ஆட்கள் போன பிறகு செய்யுங்கள். கோட்டுக்குக் கீழே போனால் முன்பு சொன்ன 2013 எண் குறிப்பு பதிவேட்டில் விழும். எல்லா டிரைவுக்கும் ஒரே சதவீதம் என்பது இதன் பெரிய குறை. சேர்வரின் பதிப்பைப் பொறுத்து நடந்துகொள்ளும் விதமும் மாறும். ஆகவே இது துணைக்காவல் மட்டும்.

இரண்டாவது வழி பைல் சேர்வர் ரிசோர்ஸ் மனேஜர், போல்டர்களுக்கும் டிரைவுக்கும் இட எல்லை வைக்கும் கருவி. இது 2003 ஆர்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் சேர்வரோடு வருகிறது, இயல்பாகப் பூட்டப்பட்டிருக்காது. சேர்வர் மனேஜரில் ரோல் சேர்க்கும் இடத்தில், பைல் சேவைகளுக்குக் கீழே தேடிப் பூட்டுங்கள். உள்ளே கோட்டா என்ற பகுதி. கோட்டா இரண்டு வகை: ஹார்ட் கோட்டா எல்லையில் கதவை அடைத்துவிடும், சொஃப்ட் கோட்டா எச்சரித்துவிட்டு வழிவிடும். முழு டிரைவுக்கும் சொஃப்ட் கோட்டா போடுங்கள். 200 ஜிபி டிரைவைக் கண்காணிக்கும் மாதிரி ஒன்று ஏற்கெனவே உள்ளே இருக்கும். அதைப் பிரதி எடுத்து, அளவை 3725 ஆக்கி, எச்சரிக்கைப் புள்ளிகளை மாற்றலாம். கோட்டா பார்ப்பது மிச்ச இடத்தை அல்ல, பயன்பட்ட இடத்தை. எனவே எங்கள் மூன்று கோடுகளும் தலைகீழாகும்: முழு எண்ணாகக் கீழே இறக்கினால் 83, 93, 97 சதவீதம்.

ஹார்ட் கோட்டாவைத் தனித்தனிப் பகுதிகளின் போல்டர்களுக்கு வையுங்கள். படப்பிடிப்புப் பகுதிக்கு 1500 ஜிபி என்று எல்லை வைத்தால், அவர்களின் மூட்டை கணக்குப் பகுதியின் சம்பளச் சீட்டை விழுங்காது. இதில் ஒரு வசதியும் உண்டு: ஹார்ட் கோட்டா வைத்த போல்டரை டிரைவாக இணைத்துப் பார்ப்பவருக்கு மொத்த அளவாகத் தெரிவது அந்த 1500 தான், அதில் தன் மிச்சம் எவ்வளவு என்பதை அவரே பார்த்துக்கொள்வார். அதே கருவியில் பைல் ஸ்கிரீனிங் என்று ஒன்று இருக்கிறது. பொதுப் போல்டரில் வீடியோ பைல்களைத் தடுக்க நான் அதைப் பயன்படுத்துகிறேன். கலியாண வீட்டு வீடியோக்கள் எப்படி அலுவலகச் சேர்வருக்கு வருகின்றன என்று என்னைக் கேட்காதீர்கள்.

இந்தக் கருவியின் ஈமெயில் பகுதியில் ஒரு முட்டுக்கட்டை. ஈமெயில் சேர்வரின் பெயரைக் கேட்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட இடம் இல்லை. இன்றைய ஈமெயில் சேவைகள் அவை இல்லாமல் கடிதத்தை வாங்கா. உள்ளே ஒரு ரிலே (கடிதத்தை வாங்கி வெளியே அனுப்பும் சேர்வர்) வைத்திருக்கும் பெரிய அலுவலகங்களுக்குச் சரிவரும், எங்களைப் போன்ற இடங்களுக்கு வராது. ஆகவே எச்சரிக்கையை ஈவென்ட் லொக்கில் எழுதும்படி விட்டுவிடுங்கள்.

மூன்றாவது வழி, கைச்சமையல்: குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் தினமும் காலை 7.30 க்கு ஓடும் ஒரு சின்ன பவர்ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு). அது மூன்று வேலை செய்தால் போதும். மீதி இடத்தைத் திகதியோடு ஒரு சிஎஸ்வி (அட்டவணையாகத் திறக்கும்) பைலில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். மூன்று கோடுகளோடு ஒப்பிட வேண்டும். கோட்டுக்குக் கீழே இருந்தால் கடவுச்சொல்லோடு ஒரு ஈமெயில் கணக்கு வழியாக இரண்டு பேருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். இதில் நேரடியாக ஜிபியில் எழுதலாம், சதவீதம் வேண்டாம். ஒவ்வொரு டிரைவுக்கும் வேறு கோடு வைக்கலாம். படி 1 இல் கையால் எழுதிய கொப்பிக்கும் இனி வேலை இல்லை.

இரண்டு நுணுக்கங்கள். கரண்ட் போய் 7.30 க்கு சேர்வர் அணைந்து கிடந்தால் அன்றைய வேலை தவறிவிடும். டாஸ்க்கின் செட்டிங்ஸ் பகுதியில் "தவறிய வேலையை இயன்ற விரைவில் ஓட்டு" என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கிறது, அதில் சரி போடுங்கள். அடுத்தது, இணையம் அறுந்து கிடந்தால் எச்சரிக்கையும் வராது, நாமும் "கடிதம் வரவில்லை, ஆகவே எல்லாம் சரி" என்று இருந்துவிடுவோம். அதனால் ஸ்கிரிப்ட் திங்கட்கிழமைகளில் எது எப்படி இருந்தாலும் ஒரு வரி அனுப்ப வேண்டும்: "டி டிரைவ், மீதி 912 ஜிபி." திங்கள் அந்த வரி வரவில்லை என்றால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

படி 5: யார் கேட்பது, என்ன செய்வது

சேர்வர் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். மஞ்சள்: நிர்வாக அலுவலர் கொள்வனவுக் கடிதம் எழுதுவார், அன்றே. செம்மஞ்சள்: பகுதித் தலைவர்கள் தங்கள் பழைய போல்டர்ப் பட்டியலைத் தருவார்கள், நான் மாற்றுவேன். சிவப்பு: 1 ஜிபிக்கு மேல் கொப்பி பண்ணுவதானால் எனக்குப் போன். பெயர் அல்ல, பதவி எழுதுங்கள். ஆள் மாறினாலும் தாள் நிற்கும்.

கடிதம் போகும் இரண்டு பேரில் ஒருவர் கட்டாயம் கணினிக்காரர் அல்லாதவராக இருக்கட்டும். எங்கள் இடத்தில் அது அந்தக் கணக்குப் பகுதித் தங்கச்சி. டிஸ்க் நிரம்பினால் முதல் அடி விழுவது அவருக்கு என்பதால் என்னை விட அவரே கவனமாக இருக்கிறார்.

படி 6: துப்புரவு, சரியான ஒழுங்கில்

பெரியதிலிருந்து தொடங்குங்கள். ரிசோர்ஸ் மனேஜரின் ஸ்டோரேஜ் ரிப்போர்ட்ஸ் பகுதியில் பெரிய பைல்கள், இரட்டைப் பைல்கள், உரிமையாளர் வாரியான பட்டியல் எல்லாம் எடுக்கலாம். பெரிய பைல் பட்டியலின் முதல் ஐம்பது வரிகளிலேயே வேலை பாதி முடியும்: மென்பொருள் நிறுவும் ஐஎஸ்ஓ பைல்கள், யாரோ ஒருவரின் முழுப் போன் காப்பு, ஒரே வீடியோவின் நாலு பிரதிகள். ஆயிரம் வேர்ட் கடிதங்களைத் தேடி அழிப்பதில் நாளை வீணாக்காதீர்கள், அத்தனையும் சேர்ந்தாலும் ஒரு வீடியோ அளவு வராது.

நீண்ட நாள் திறக்காத பைல்கள் என்ற பட்டியலும் அங்கே உண்டு. அதை அப்படியே நம்பி அழிக்க வேண்டாம். கடைசியாகத் திறந்த நேரத்தைப் பதிவதை விண்டோஸ் வேகத்துக்காகப் பல பதிப்புகளாக இயல்பாகவே நிறுத்தி வைத்திருக்கிறது. நேற்றுத் திறந்து படித்த பைலும் மூன்று வருடமாகத் தொடாததாகக் காட்டப்படலாம். மாற்றிய திகதியைப் பாருங்கள், பிறகு ஆளைக் கேளுங்கள். காணி, கடன் தொடர்பான ஸ்கேன்களைப் பொறுத்தவரை நான் திகதியே பார்ப்பதில்லை. இடம்பெயர்வில் மூலப் பத்திரம் தொலைந்த குடும்பங்களுக்கு அந்த ஸ்கேன்தான் மிச்சம். அவை எத்தனை வருடம் தொடாமல் இருந்தாலும் இருந்த இடத்தில் இருக்கும்.

சுருக்கி வைத்தால் என்ன என்று கேட்பார்கள். படமும் வீடியோவும் ஸ்கேன் பிடிஎஃப்பும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. 2012 பதிப்பிலிருந்து விண்டோஸ் சேர்வரில் உள்ள டீடியூப்ளிகேஷன் (ஒரே தரவை ஒரு தடவை மட்டும் வைக்கும் முறை), ஒரே பைலின் பல பிரதிகள் கிடக்கும் இடத்தில் நன்றாக வேலை செய்யும். ஆனால் அது இடம் இருக்கும்போதே தொடங்க வேண்டிய ஏற்பாடு. அது ஓடும் டிரைவில் பைலை அழித்தவுடன் இடம் திரும்பி வராது. குப்பை கூட்டும் வேலை இயல்பாகக் கிழமைக்கு ஒரு தடவைதான். தெரியாமல், "அழித்தும் இடம் வரவில்லையே" என்று மேலும் மேலும் அழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாற்றி வைப்பதென்றால் இரண்டு வெளி டிஸ்க்கில் மாற்றுங்கள். கொப்பி முடிந்ததும் பைல் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டு, பத்துப் பைலையாவது திறந்து பார்த்து, பிறகுதான் மூலத்தை அழியுங்கள். ஒரு டிஸ்க் அலுவலகத்தில், மற்றது வேறு ஊரில். எங்களுடையது வவுனியாவில் இருக்கிறது. அலுவலகத்தில் இருப்பதை இரும்பு அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள். கீழ்த்தட்டு வேண்டாம், மார்கழி இருக்கிறது.

எல்லாம் கைமீறி, காலி இடம் பூச்சியமானால்

சேர்வரை அணைத்துப் போடாதீர்கள். அது இடத்தை உண்டாக்காது, திறந்திருக்கும் பைல்களைக் கெடுக்கலாம். எல்லோரிடமும் திறந்திருக்கும் பைலைத் தங்கள் கணினியின் டெஸ்க்டொப்பில் சேவ் பண்ணச் சொல்லுங்கள். கணக்கு மென்பொருளின் தரவு இந்தச் சேர்வரில் இருந்தால் அதை முதலில் மூடுங்கள். பாதியில் எழுத முடியாமல் நின்ற தரவுத்தளம் ஒரு வேர்ட் பைலைப் போல இலேசாகத் திரும்பி வராது. பிறகு எது வளர்கிறது என்று தேடுங்கள், அந்தக் கொப்பியை நிறுத்துங்கள்.

மூச்சுவிட இடம் உடனே வேண்டும். அதற்குத்தான் நான் ஒவ்வொரு சேர்வரிலும் "விதைநெல்" என்று ஒரு பைல் வைத்திருக்கிறேன். எஃப்எஸ்யூட்டில் என்ற கட்டளையில் பைல், கிரியேட்நியூ என்று சொல்லி, பெயரும் பைட் அளவும் கொடுத்தால் வெறும் பைல் ஒன்று உருவாகும். 20 ஜிபிக்கு 21474836480. நிர்வாகி மட்டும் தொடக்கூடிய போல்டரில் அது கிடக்கும். இக்கட்டான நேரத்தில் அதை அழித்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் 20 ஜிபி. அலுவல் சீரான பிறகு மறக்காமல் திரும்ப விதைநெல் வையுங்கள்.

இன்னொன்றையும் அன்றே பாருங்கள்: கடைசிக் காப்பு எப்போது வெற்றியாக முடிந்தது? விண்டோஸின் காப்பு ஷேடோ கொப்பியை எடுத்துக்கொண்டுதான் வேலை செய்யும், அதற்கும் இடம் வேண்டும். இடம் நெருங்கிய நாட்களில் காப்பு சத்தமில்லாமல் தவறிக்கொண்டிருந்திருக்கலாம். எங்களுக்கு ஒன்பது நாள் தவறியிருந்தது.

லினக்ஸ், சம்பா வைத்திருப்பவர்களுக்கு

சம்பா என்பது லினக்ஸ் சேர்வரின் போல்டர்களை விண்டோஸ் கணினிகளுக்குத் திறந்துவிடும் மென்பொருள். கணக்கு அதேதான். டிஎஃப் கட்டளை மீதி இடத்தைச் சொல்லும், டியூ போல்டரின் அளவைச் சொல்லும், நேரம் குறித்து ஓட்டும் குரோனில் ஸ்கிரிப்டை ஓட்டலாம். விதைநெல் இங்கே பிறவியிலேயே உண்டு: இஎக்ஸ்டி4 என்ற டிஸ்க் அமைப்பு இயல்பாக 5 சதவீதத்தை ரூட்டுக்கு (நிர்வாகிக்கு) என்று ஒதுக்கி வைக்கிறது. எங்கள் அளவு டிஸ்க்கில் அது 186 ஜிபி. தரவு மட்டும் வைக்கும் டிரைவுக்கு அது அதிகம், டியூன்2எஃப்எஸ் மூலம் 1 ஆகக் குறைக்கலாம். இடம் இருந்தும் "இடமில்லை" என்று வந்தால் ஐநோட் (ஒவ்வொரு பைலுக்கும் தேவையான பதிவிடம்) தீர்ந்ததா என்று பாருங்கள். டிஎஃப் உடன் ஐ தெரிவைச் சேர்த்தால் தெரியும். அழித்தும் இடம் வரவில்லை என்றால் ஏதோ ஒரு செயலி அந்தப் பைலை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. எல்எஸ்ஓஎஃப் அதைக் காட்டிக் கொடுக்கும், அந்தச் செயலியை மீளத் தொடக்கினால் இடம் வரும்.

படி 7: பொய் வெள்ளம் விட்டுச் சோதியுங்கள்

பூட்டிய எச்சரிக்கை வேலை செய்கிறதா என்று உண்மையில் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டாம். மீதி 700 ஜிபி, மஞ்சள் 600 என்றால் அதே எஃப்எஸ்யூட்டில் கட்டளையால் 105 ஜிபி வெறும் பைல் ஒன்றை உருவாக்குங்கள்: 112742891520 பைட். டாஸ்க்கைக் கையால் ஓட்டுங்கள். இரண்டு பேருக்கும் கடிதம் போனதா, ஈவென்ட் லொக்கில் வரி விழுந்ததா, கடிதம் ஸ்பாம் போல்டருக்குள் போய் ஒளிந்துகொண்டதா என்று பாருங்கள். ஸ்பாமில் போய் விழுவதுதான் எனக்கு அதிகம் நடந்தது. பார்த்து முடிந்ததும் வெறும் பைலை அழித்துவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை செய்தால் நல்லது. காலபோக மூட்டை வருவதற்கு முன்னால் ஐப்பசி தொடக்கத்தில் ஒன்று, சிறுபோகத்துக்கு முன்னால் ஒன்று என்று நான் வைத்திருக்கிறேன்.

புது டிஸ்க் வந்து பூட்டிய அன்றே ரெஜிஸ்ட்ரியிலும் கோட்டாவிலும் உள்ள சதவீதங்களை மாற்றுங்கள். 4 டிபியிலிருந்து 8 டிபிக்குப் போனால் பழைய 17 சதவீதம் 1260 ஜிபிக்கு மேல் ஆகிவிடும். தேவையான நேரத்துக்குப் பதினொரு கிழமை முன்பே மணி அடிக்கத் தொடங்கும். ஸ்கிரிப்டில் உள்ள 600, 240, 100 ஐத் தொட வேண்டியதில்லை, கிழமைக்குக் கூடும் அளவு மாறாதவரை. அது மாறியதா என்று அந்த சிஎஸ்வி பைல் சொல்லும். எங்களுடையதில் போன காலபோகத்தோடு 60 என்பது 75 ஆகியிருக்கிறது. எட்டு தடவை 75, அதோடு மூட்டை. கதவில் புதிய தாள் ஒட்டியாயிற்று: மஞ்சள் 720.